ஜெல் குளிர்ப்பாய்: சித்திரை வெயிலில் சோதித்துப் பார்த்தது

பங்குனி கடைசியில் யாழ்ப்பாண நகரத்துக் கடையொன்றில் நாய்களுக்கான ஜெல் குளிர்ப்பாய் ஒன்றை 4,800 ரூபாவுக்கு வாங்கினேன். எங்கள் சீசருக்குப் பதினொரு வயது. மூட்டு வலியினால் வெறும் சீமெந்துத் தரையில் நெடுநேரம் கிடக்க முடியாமல் சாக்கைத் தேடிப் போய்ப் படுக்கும். படுத்த சிறிது நேரத்திலேயே சூடு தாங்காமல் எழும்பிவிடும். இரண்டு தொல்லைக்கும் இது ஒரே மருந்தாகுமென்று நம்பித்தான் காசைக் கொடுத்தேன்.

நீல நைலோன் உறைக்குள் கொழகொழவென்ற ஜெல். மின்சாரமும் வேண்டாம், ஐசும் வேண்டாம். ஆனால் பாய் தானாகக் குளிர்வதில்லை, அறையின் வெப்பநிலையிலேயே இருந்துகொண்டு நாயின் உடற்சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது என்பதை வாங்குபவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். நாயின் இயல்பான வெப்பநிலை 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை இருப்பதால், 30 பாகையுள்ள அறையில் உடற்சூடு பாய்க்கு இறங்க இடமுண்டு. அறையே 35 பாகைக்கு ஏறிவிட்டால் அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது.

சித்திரைப் பிறப்பை ஒட்டிச் சூரியன் நமக்கு நேர் மேலே நிற்கும், தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்றும் கிளம்பாமல் இலை அசையாதிருக்கும் நாட்களில்தான் சோதனை நடந்தது. முதல் நாள் சீசர் மணந்து பார்த்து, ஓரத்தைக் காலால் பிறாண்டிவிட்டுப் போய்விட்டது. மூன்றாம் நாள் விறாந்தையில் தானாகவே ஏறி, வயிறு முழுவதையும் பாயில் பதித்து, பின்னங்கால்களைத் தவளை போல விரித்துக்கொண்டு கிடந்தது. பத்து நிமிடத்தில் மூச்சிரைப்புத் தணிந்தது. முக்கால் மணித்தியாலம் கழித்துக் கையை வைத்துப் பார்த்தபோது அது கிடந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது, நாய் மறுகரைக்கு நகர்ந்திருந்தது. பெட்டியிலோ மூன்று மணித்தியாலம் என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

மேல்மாடியில் விரித்துப் பார்த்தது வீண். பகல் முழுவதும் கொங்கிறீற் தட்டு வாங்கிய சூடு இரவிலும் அறைக்குள் இறங்கிக்கொண்டிருப்பதால் பாயும் அந்தச் சூட்டிலேயே கிடக்கிறது. ஆக, குளிர்ச்சி எங்கே அதிகம் வேண்டுமோ அங்கேதான் இது குறைவாக உதவுகிறது. "வெயிலுக்கை போட்டாலும் குளிரும்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி ஒருநாள் முற்றத்தில் விரித்தேன். இருபது நிமிடத்தில் தகரம் போலக் காய்ந்து நின்றது.

மாமரத்தின் கீழ் நனைத்துப் போட்ட சாக்கையும் இதனோடு ஒப்பிட்டேன். சாக்கிலுள்ள நீர் ஆவியாகும்போது சூட்டைத் தன்னோடு கொண்டுபோகிறது. அதற்குக் காற்று வேண்டும். சித்திரைப் புழுக்கத்தில் பாய் சற்று முந்தியது, வைகாசியில் சோளகம் வீசத் தொடங்கியதும் சாக்கு எளிதாக வென்றுவிட்டது, அதுவும் ஒரு சதமும் செலவில்லாமல். ஆயினும் ஓயாத ஈரத்தில் கிடந்தால் நாயின் தோல் புண்படும் என்பதால் இரண்டையும் மாறி மாறியே பயன்படுத்துகிறேன்.

பெட்டியில் வெப்பத்தாக்கத்தைத் தடுக்கும் என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கெட்டியான எச்சில், கடும் சிவப்பான முரசு (பல்லீறு), தள்ளாட்டம் ஆகியவை தெரிந்தால் பாயில் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நிழலுக்குக் கொண்டுபோய்க் கிணற்றுத் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி, விசிறிக்கொண்டே மிருக வைத்தியரிடம் செல்ல வேண்டும். ஈரத் துவாயால் போர்த்தி விடுவதும் தவறு, சூடு உள்ளேயே தங்கிவிடும்.

தையல் பலவீனமானது. கடிக்கும் குட்டிகள் உள்ள வீட்டுக்கு இது ஆகாது. ஜெல் வெளியே வந்தால் விழுங்கிவிடும். கீழ்த்தள வீட்டில், மூட்டு நோவுள்ள கிழ நாய்க்கு மட்டும் வாங்கலாம். அப்படி வாங்கினால் நாயின் நீளத்தைப் போல இரு மடங்கு பெரியதாகப் பாருங்கள், ஒரு பக்கம் சூடேறியதும் மறுபக்கம் நகர அதற்கு இடம் வேண்டும்.