"35 எச்பிக்கே ஓடும்" என்று சொல்லி என் தலையில் கட்டிய பேலர்

போன வாரம் எங்கள் வாட்ஸாப் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. நீலப் பெயிண்ட் பளபளக்க ஒரு சதுரக் கட்டு பேலர், அதாவது வயலில் கிடக்கும் வைக்கோலை அள்ளிக் கட்டாகக் கட்டும் மெஷின், பின்னால் காரை பெயர்ந்த ஒரு செங்கல் சுவர். "35 எச்பி டிராக்டருக்கே போதும், ஒரு சீசன்தான் ஓடியது." அந்தச் சுவரை எனக்குத் தெரியும். போன வருஷம் எனக்கு வந்த போட்டோவிலும் அதே சுவர், அதே வாசகம். பெயிண்ட் மட்டும் அப்போது சிவப்பு. விற்றவர் பேரைப் போடப்போவதில்லை, என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு ஒரத்தநாடு பக்கம். சொந்தம் ஐந்து ஏக்கர், குத்தகை ஏழு ஏக்கர். டிராக்டர் 35 எச்பி, ஒற்றை கிளட்ச். சம்பா அறுப்பு முடிந்து தை, மாசியில் கட்டு வண்டிக்காரருக்குப் போன் போட்டுப் போட்டு ஓய்ந்துபோவது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த அவஸ்தை. அவர் வருவதற்குள் ஒரு மழை பெய்தால் வைக்கோல் கறுத்துவிடும், லாரிக்காரர் திரும்பிப் பார்க்க மாட்டார். சொந்தமாக ஒரு பேலர் இருந்தால் நம் வேலையும் ஆகும், நாலு பேருக்கு வாடகைக்கும் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டேன். சதுரக் கட்டு என்றால் லாரியில் சந்து விடாமல் அடுக்கலாம், உருளைக் கட்டில் அது முடியாது. என் ஆசைக்கு அதுதான் காரணம்.

சித்தப்பா அன்றைக்கே சொன்னார்: "டேய், ஒன் வண்டி கன்னுக்குட்டி. அதுல போயி எருமைய பூட்டப் பாக்குற." நான் கேட்கவில்லை.

விற்பனையாளர் பேச்சில் தேன். "அண்ணே, இது பஞ்சாப்ல ஒரு சீசன்தான் ஓடுச்சு. நம்ம ஊரு சின்ன வண்டிக்குன்னே எடுத்தாந்தது. ஓட்டியே காட்டுறேன், அப்புறம் பேசுங்க." ஓட்டியும் காட்டினார், அவரிடமே இருந்த ஒரு 35 எச்பி வண்டியில். இருபது நிமிஷத்தில் முப்பது கட்டுக்கு மேல் வந்து விழுந்தது. முடிச்சு ஒன்றுகூடத் தவறவில்லை. நான் மயங்கிய இடம் அது.

அன்றைக்கு என் கண்ணுக்குத் தெரியாதது இது. கட்டு வெளியே வரும் வாயில் ஸ்பிரிங் வைத்த இரண்டு கைப்பிடிகள் இருக்கும். அதை முறுக்கினால் வாய் குறுகும், கட்டு இறுகும், டிராக்டருக்குச் சுமை ஏறும். தளர்த்திவிட்டால் வைக்கோல் சும்மா வழுக்கிக்கொண்டு வரும். அவர் அதை முழுக்கத் தளர்த்தி வைத்திருந்தார். போட்டிருந்த வைக்கோலோ நாலு நாள் வெயிலில் காய்ந்தது, அதையும் மெல்லிசாகப் பரப்பியிருந்தார். வந்த கட்டுகளில் ஒன்றை நான் தூக்கிப் பார்த்திருந்தால் பத்துக் கிலோகூட இல்லை என்று கை சொல்லியிருக்கும். கயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்த்திருந்தால் முழங்கை வரை போயிருக்கும். நான் கட்டை எண்ணிக்கொண்டு நின்றேன்.

4 லட்சத்து 60 ஆயிரம். 50 ஆயிரம் ஜிபேயில் டோக்கன், மீதி ரொக்கம். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டா ஒங்களுக்குத்தாண்ணே நட்டம்" என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தார். "உள்ளது உள்ளபடி" என்று அதில் ஒரு வரி இருந்ததை வீட்டுக்கு வந்துதான் படித்தேன்.

என் வயலில் முதல் நாள் கட்டிய கட்டுகள் லாரியில் ஏற்றும்போதே பிதுங்கிக் கழன்றன. லாரிக்காரர் அறுபது கட்டைத் திருப்பி இறக்கிவிட்டுப் போனார். சரி என்று ஸ்பிரிங்கை இறுக்கினேன். அப்போது ஆரம்பித்தது வினை. உள்ளே வைக்கோலை இடித்து அமுக்கும் பிளஞ்சர் ஒவ்வொரு முறை இடிக்கும்போதும் டிராக்டர் முன்னும் பின்னும் ஆடியது. புகை கறுப்பாகக் கக்கியது. அறுப்பு மெஷின் விட்டுப்போன தடித்த வரிசை உள்ளே நுழைந்ததும் இன்ஜின் திணறி, பேலரைச் சுழற்றும் பின் தண்டின் (பிடிஓ) வேகம் விழுந்து, பேலரின் கனத்த சுழல் சக்கரத்தில் (ஃப்ளைவீல்) இருக்கும் ஷியர் போல்ட் டப்பென்று வெட்டுப்பட்டது. அன்றைக்கு மட்டும் ஆறு போல்ட்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்ட கணக்கு எளிது. பானட்டில் எழுதியிருக்கும் 35 இன்ஜினின் சக்தி. பேலருக்குப் போவது பின்னால் பிடிஓ தண்டில் கிடைப்பது. அது பொதுவாகப் பதினைந்து சதவீதம் போலக் குறையும், என் வண்டிக்கு 30ஐ ஒட்டித்தான் வரும். இந்த அளவு சதுரப் பேலர்களுக்குக் கம்பெனிகள் குறைந்தது 35 என்று போடுவது பெரும்பாலும் பிடிஓ எச்பி. ஆக வண்டி 45 எச்பியை நெருங்கினால்தான் மூச்சு வாங்காமல் ஓடும். மத்தியப் பிரதேசம் புத்னியில் மத்திய அரசின் வேளாண் இயந்திரப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. அங்கே சோதித்த டிராக்டர்களின் அறிக்கையில் பிடிஓ சக்தி எவ்வளவு என்று தனியாகவே இருக்கும். வாங்குவதற்கு முன் நான் பார்த்திருக்க வேண்டிய தாள் அது.

எச்பியை விட மோசம் கிளட்ச். என் வண்டியில் கிளட்சை மிதித்தால் டிராக்டரும் நிற்கும், பிடிஓவுக்குப் போகும் சக்தியும் நின்றுவிடும். தடித்த குவியல் வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு பேலரை மட்டும் ஓடவிட்டு விழுங்க வைக்க வழியே இல்லை. நின்ற இடத்திலேயே அடைத்துக்கொள்ளும். அதோடு இன்னொரு ஆபத்து. இரண்டாம் நாள் வரப்போரம் கிளட்சை மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. சுழன்றுகொண்டிருந்த ஃப்ளைவீல் பிடிஓ வழியாகவே சக்கரத்தைத் தள்ளியது. வாய்க்காலுக்கு இரண்டடி முன்னால் பிரேக்கில் ஏறி நின்று நிறுத்தினேன். கை நடுக்கம் நிற்க ஒரு டீ தேவைப்பட்டது. இதைத் தடுக்கத்தான் தண்டில் ஒருவழி கிளட்ச் வைப்பார்கள். இந்த மெஷினில் அது இருந்தது, வெல்டிங் வைத்து அடைத்திருந்தார்கள்! மேலே பெயிண்ட்.

விற்றவருக்குப் போன் அடித்தேன். "அண்ணே, சும்மா சும்மா போல்ட் வெட்டுனா கடினமான போல்ட்டா வாங்கிப் போடுங்க, எல்லாரும் அதத்தான் செய்றாங்க." போட்டேன். இதில் என் முட்டாள்தனத்துக்கும் பங்கு உண்டு. வெட்டுப்படுவதற்கென்றே வைத்த போல்ட் அது. அது வெட்டுப்படாவிட்டால் வேறு ஏதாவது உடைய வேண்டும். மூன்றாம் நாள் மத்தியானம் கியர்பாக்ஸில் நான்கு பல் போனது.

பட்டுக்கோட்டையிலிருந்து வந்த மெக்கானிக் தம்பி கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிளஞ்சர் கத்திக்கும் எதிர்க்கத்திக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சந்து இருக்கக்கூடாதாம். என் மெஷினில் தீக்குச்சி நுழைந்தது. கத்தி மழுங்கிப் போயிருந்தது. நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம், கத்தியைச் சாணைக்கல் மாதிரி தேய்த்துவிடும். மழுங்கிய கத்தி வைக்கோலை வெட்டாது, பிய்க்கும். அதற்கு இன்னும் அதிக எச்பி தின்னும். "ஒரு சீசன் இல்லண்ணே, நாலஞ்சு சீசன் பாத்த மெஷின் இது" என்றார். முடிச்சுப் போடும் பாகம் மட்டும்தான் நல்ல நிலையில் இருந்ததாம். கிளிமூக்கு மாதிரி ஒன்று கயிற்றைச் சுற்றி இழுக்குமே, அது. விற்பதற்காக அதை மட்டும் புதுசாகப் போட்டிருந்தார்கள்.

நேரில் போனேன். "ஓட்டத் தெரியாம ஒடச்சுட்டு வந்து நிக்கிறீங்களே" என்றார். அப்போது "அண்ணே" போய் "சார்" வந்திருந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு, 1 லட்சத்து 10 ஆயிரம் தருகிறேன் என்றார்.

1915 எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வாங்கிய இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் வக்கீல் முதலில் கேட்டது பில். என் கையில் ஆதாரமாக நிற்பது 50 ஆயிரத்துக்கான ஜிபே ரசீதும், அந்த வெள்ளைத்தாளும், அவர் அனுப்பிய "35 எச்பிக்கே போதும்" மெசேஜும்தான். அந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருந்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். வாடகைக்கு ஓட்டத்தான் வாங்கினேன் என்று எங்கும் உளற வேண்டாம் என்று நினைத்திருந்தேன். வக்கீல், பிழைப்புக்காக நாமே ஓட்டினால் அதைச் சொல்லலாம், லாபத்துக்கு ஆள் வைத்து ஓட்டும் வியாபாரம் என்றால்தான் சிக்கல் என்றார்.

புதுசு வாங்க நினைப்பவர்கள் முதலில் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். மானியம் 40 சதவீதம், சிறு குறு விவசாயிக்கும் பெண்களுக்கும் 50 வரை. பழைய மெஷினுக்குக் கிடையாது. பழையதுதான் வாங்குவேன் என்றால் உங்கள் வண்டியைக் கொண்டுபோய், அறுத்த வயலிலேயே, ஸ்பிரிங்கை நீங்களே இறுக்கி, கட்டைத் தூக்கி வீசிப் பாருங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் டோக்கன் கொடுக்காதீர்கள்.

இந்த வருஷம் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவரின் சின்ன உருளைக் கட்டு பேலரை என் வண்டியிலேயே மாட்டிப் பார்த்தோம். இடி கிடையாது, ஆட்டம் கிடையாது, 35 எச்பி அலுங்காமல் இழுத்தது. கட்டு கட்டும்போது மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். சித்தப்பா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

என் சிவப்பு மெஷின் கொட்டகையில் நிற்கிறது. கட்டு வெளியே வரும் வாயில் ஒரு கோழி அடை காக்கிறது.