டிராக்நெட் வானொலித் தொடர்: கேளுங்கள், ஆனால் நல்ல பிரதியில் கேளுங்கள்

1949 ஜூன் 3 அன்று அமெரிக்காவின் என்பிசி வானொலியில் தொடங்கிய 'டிராக்நெட்' அரைமணி நேரப் போலீஸ் நாடகம். மொத்தம் 300-க்கும் மேற்பட்ட எபிசோடுகள், அதில் பெரும்பகுதி இன்று இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. கட்டாயம் கேட்க வேண்டிய தொடர். ஆனால் எந்தக் கோப்பை இறக்குகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும், ஏனென்றால் இந்தத் தொடரின் உயிர் பாதி வசனத்தில் என்றால் மீதிப் பாதி யாரும் பேசாத இடங்களில் இருக்கிறது. மட்டமான பிரதியில் அந்த மீதிப் பாதி காணாமலே போய்விடும்.

ஜாக் வெப் இதைத் தானே உருவாக்கி, இயக்கி, சார்ஜென்ட் ஜோ ஃப்ரைடேவாக நடித்தும் இருக்கிறார். 1948-இல் ஒரு போலீஸ் படத்தில் சின்ன வேடத்தில் நடித்தபோது, அங்கே ஆலோசகராக வந்திருந்த மார்ட்டி வின் என்ற லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ்காரரோடு பேசியதில் பிறந்த யோசனை இது. வழக்குகள் அந்த ஊர்ப் போலீஸ் கோப்புகளிலிருந்து வந்தவை, பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டவை. என்ன கிழமை, வானிலை எப்படி, எந்தப் பிரிவில் டூட்டி என்று ஃப்ரைடே சொல்ல ஆரம்பிப்பார். கடைசியில் குற்றவாளிக்கு என்ன தண்டனை என்று அறிவிப்பாளர் சொல்வார். நடுவில் நடப்பது பெரும்பாலும் அலைச்சல்தான். கதவைத் தட்டுவது, ஒரே கேள்வியைப் பத்துப் பேரிடம் கேட்பது, ஆய்வக அறிக்கைக்குக் காத்திருப்பது. அந்தக் காலத்துத் துப்பறியும் நாடகங்களில் நாயகன் சவடால் பேசிக்கொண்டே சுட்டுத் தள்ளுவான். இங்கே எல்லோரும் களைத்துப்போன குரலில், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போலப் பேசுகிறார்கள்.

அப்புறம் அந்த ஒலிகள்! காலடி, நாற்காலி நகர்வது, தீக்குச்சி உரசுவது, தாளைப் புரட்டுவது எல்லாவற்றுக்கும் முழு நேரம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு எபிசோடில் ஃப்ரைடே யூட்டா மாநிலத்தில் ஒரு சின்ன ஊருக்கு டிரங்க் கால் போடுகிறார். ஒரு ஆபரேட்டர் அடுத்த ஆபரேட்டரைக் கூப்பிட, அவர் இன்னொருவரைக் கூப்பிட என்று இணைப்பு நகர்ந்து நகர்ந்து போய்ச் சேரும் வரை நாமும் அப்படியே காத்திருக்கிறோம். வானொலியில் அவ்வளவு நேரத்தை இதற்குக் கொடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இனி பிரதிகளுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளை 16 அங்குல டிஸ்க்குகளில் பதிவு செய்வார்கள். ஒரு பக்கம் சுமார் 15 நிமிடம்தான் பிடிக்கும், ஆக அரைமணி நாடகத்துக்கு இரண்டு பக்கம். அலுமினியத் தகட்டின் மேல் லாக்கர் என்ற மெருகுப் பூச்சு போட்ட டிஸ்க் என்றால் அந்தப் பூச்சை நெகிழ்வாக வைக்கச் சேர்த்த விளக்கெண்ணெய் வருடங்கள் போகப் போகச் சிதைந்து வெள்ளைப் படலமாக மேலே வந்துவிடும், பூச்சு சுருங்கி வெடித்து உரிந்தால் அந்தப் பதிவு அவ்வளவுதான். வெளிநாட்டில் இருந்த அமெரிக்கப் படையினருக்கென்று அச்சடித்த வினைல் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகத் தாங்கின. ஆனால் அவற்றில் விளம்பரங்களை வெட்டியிருப்பார்கள். ஃபாத்திமா, செஸ்டர்ஃபீல்ட் சிகரெட் விளம்பரங்கள் இன்றைக்குக் கேட்க உறுத்தினாலும், அவை உள்ள பிரதியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். அப்போதுதான் அந்த அரைமணியின் வேகமும் இடைவெளியும் சரியாகப் பிடிபடுகின்றன.

டிஸ்க்கிலிருந்து டேப், டேப்பிலிருந்து கேசட், கேசட்டிலிருந்து எம்பி3 என்று ரசிகர்கள் கைமாற்றிக் காப்பாற்றியதால்தான் இவ்வளவும் மிஞ்சியது, அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் சுற்றிக்கொண்டிருக்கும் கோப்புகளில் சிலவற்றை அளவு குறைக்க நொடிக்கு 32 கிலோபிட்டுக்கு அழுத்தியிருக்கிறார்கள். வசனம் புரியும், ஆனால் காலடிச் சத்தம் தண்ணீருக்கடியில் கேட்பது போல இருக்கும். இரைச்சலை நீக்குகிறேன் என்று அறையின் அமைதியையும் சேர்த்துத் துடைத்த பிரதிகள் இன்னும் மோசம். சிலவற்றில் வேகமே தப்பு, ஃப்ரைடே மூக்கால் பேசுகிறார். கொஞ்சம் சரசரப்பு இருந்தாலும் பரவாயில்லை, கை வைக்காத பிரதியே மேல்.

தொகுப்புகளில், பழைய வானொலி நிகழ்ச்சிகளைத் திரட்டும் ஓல்ட் டைம் ரேடியோ ரிசர்ச்சர்ஸ் குழுவினருடையதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். 'தி பிக்' என்று தொடங்கும் தலைப்புகள் ஏராளம் என்பதால் ஒரே நாடகம் இரண்டு பெயரில், இரண்டு தேதியில் சுற்றுவது சகஜம். அதையெல்லாம் உட்கார்ந்து சரிபார்த்து வரிசைப்படுத்துவது தன்னார்வலர்கள் சம்பளமில்லாமல் செய்கிற வேலை.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? 1949 டிசம்பர் 22-இல் வந்த '.22 ரைஃபிள் ஃபார் கிறிஸ்துமஸ்'. காணாமல் போன சிறுவர்கள், பரிசாக வாங்கிய ஒரு துப்பாக்கி, இதற்கு மேல் கதையைச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் தேசிய ரைஃபிள் சங்கம் இதை எதிர்த்தது, ஆனாலும் அடுத்து வந்த கிறிஸ்துமஸுக்கும் மறுபடி ஒலிபரப்பினார்கள். அடுத்தது 1951 டிசம்பர் 27-இல் வந்த 'தி பிக் சாரோ'. ஃப்ரைடேயின் கூட்டாளி ரொமேரோவாக நடித்த பார்டன் யார்பரோ அதற்குச் சில நாள் முன்பு மாரடைப்பில் இறந்துவிட, அந்த இழப்பையே நாடகமாக்கினார்கள். வெப் குரலை அடக்கிப் பேசுவதைக் கேட்கும்போது அது நடிப்பு என்று தோன்றவே இல்லை.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இது காவல்துறையின் ஒத்துழைப்போடு வந்த தொடர், போலீஸின் பக்கமே நிற்கும். 'தி பிக் சாரோ' ஒலிபரப்பாவதற்கு இரண்டு நாள் முன்பு, அதே கிறிஸ்துமஸ் அன்று, அதே லாஸ் ஏஞ்சலஸ் போலீஸார் காவலில் இருந்த 7 பேரை அடித்து நொறுக்கினார்கள். அவர்களில் 5 பேர் மெக்சிகோ வம்சாவளியினர். தொடரை ரசிக்கும்போது இதுவும் நினைவில் இருக்கட்டும்.

ஆர்க்கைவில் ஏற்றுகிறவர்களிடம் எனக்கு ஒரே கோரிக்கை: கோப்பு எந்த டிஸ்க்கிலிருந்து அல்லது டேப்பிலிருந்து வந்தது, அதில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். முடிந்தால் ஒலித் தரம் குறையாத ஃப்ளாக் (FLAC) வடிவப் பிரதியையும் கூடவே ஏற்றுங்கள்.