மரிஸ்கா வெரெஸ்: ‘வீனஸ்’ மட்டுமே அல்லாத ஒரு குரல்

ஷாக்கிங் புளூ என்ற டச்சு ராக் குழுவின் ஒற்றைப் பாடல்களை (தனித் தட்டுகளாக வெளியானவற்றை)த் திரட்டிய இரட்டைக் குறுந்தகடு ஒன்றை இரண்டு வாரங்களாகக் கேட்டு வருகிறேன். குழுவின் பாடகி மரிஸ்கா வெரெஸை ஒரே ஒரு பாடலுக்காக மட்டும் அறிந்திருப்பவர்கள் அவசியம் வாங்க வேண்டிய தொகுப்பு இது.

அந்த ஒரு பாடல் ‘வீனஸ்’. 1969இல் வெளியாகி, 1970 பிப்ரவரியில் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. அதற்கு முன் எந்த டச்சுக் குழுவுக்கும் அந்த இடம் கிட்டியதில்லை. நல்ல செவிபேசியில் கேட்கும்போது, கிதாரின் வேகமான மீட்டலுக்குப் பின் வரும் முதல் வரியிலேயே ஒரு சிறு பிழை தெளிவாகக் காதில் விழுகிறது. பாடலை எழுதிய ராபி வான் லேவன் தேவி என்று பொருள்படும் ‘காடஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை ‘காட்னஸ்’ என்று தவறாக எழுதிவிட, மரிஸ்கா அதை அப்படியே பாடினார். அந்தக் குரலில் இருக்கும் உறுதியால்தான் இத்தனை கோடிப் பேர் கேட்டும் அந்தப் பிழை பாடலைச் சிறிதும் குலைக்கவில்லை என்று நான் கருதுகிறேன்.

மரிஸ்கா 1947இல் ஹேக் நகரில் பிறந்தவர். அவருடைய தந்தை ஹங்கேரிய ரோமானி வயலின் கலைஞர். 1968இல் அவர் குழுவில் சேர்ந்ததும் வெளிவந்த ‘செண்ட் மீ எ போஸ்ட்கார்டு’ பாடலில், கரகரப்பேற்றிய கிதாரும் ஆர்கனும் முட்டி மோதும் இரைச்சலுக்கு நடுவே, குரலைச் சற்றும் நடுங்கவிடாமல் நேராக நிறுத்திப் பாடுகிறார். நெதர்லாந்தில் முதலிடம் பெற்ற ‘மைட்டி ஜோ’ என்னை அவ்வளவாகக் கவரவில்லை. ‘வீனஸ்’ பெற்ற வெற்றியை மீண்டும் பிடிக்க முயலும் அவசரம் அதில் தெரிகிறது.

தொகுப்பின் சிகரம் 1970இல் வந்த ‘நெவர் மேரி எ ரயில்ரோடு மேன்’. ரயில்காரனை மணந்துகொள்ளாதே, அவன் மனம் வண்டியின் மேல்தான் இருக்கும் என்று ஒரு பெண் எச்சரிக்கும் இந்தப் பாடலை மரிஸ்கா அழுதோ சினந்தோ பாடாமல், பட்டு அறிந்த ஒருத்தி அடுத்த வீட்டுப் பெண்ணிடம் தாழ்ந்த குரலில் சொல்வதைப் போலப் பாடுகிறார். இதுவும் அவருடைய நாட்டில் முதலிடம் பெற்றது. அங்கே ‘வீனஸ்’ பாடலுக்குக்கூட அந்த இடம் கிடைக்கவில்லை என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன்.

இரண்டாம் தட்டில் 1971க்குப் பிந்தைய பாடல்கள் மெல்ல மெல்ல வலுவிழக்கின்றன. 1974இல் குழு கலைந்தது. சிதார் ஒலிக்கும் ‘லவ் பஸ்’ ஒற்றைப் பாடலாக அல்லாமல் குழுவின் நீள்தட்டில் (ஆல்பத்தில்) வந்த பாடல் என்பதால் இதில் அதை எதிர்பார்க்க வேண்டாம். அமெரிக்காவின் நிர்வானா குழு 1988இல் தன் முதல் ஒற்றைப் பாடலாகப் பாடி வெளியிட்டது அதைத்தான். தனியே தேடிக் கேளுங்கள்.

ஒலித்தரம் நன்றாக இருக்கிறது, பேஸ் கிதார் மங்கவில்லை. ஆனால் உடன் வரும் கையேட்டின் எழுத்து மிகச் சிறியது, பாடல் வரிகளும் அச்சிடப்படவில்லை. 2006 டிசம்பரில் புற்றுநோயால் மறைந்த இந்தப் பாடகிக்கு அதில் ஒரு முழுப் பக்கமாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.