ஓலைச்சுவடி ரூமுக்கு ஏசியா, டீஹ்யூமிடிஃபையரா?

பழைய வீட்டுல சுவடி, நூறு வருஷத்துக்கு முந்தின அச்சுப் புத்தகம்னு வச்சிருக்கிறவங்க பட்ஜெட் போட உக்காந்தாலே எத்தன டன் ஏசி வேணும்னுதான் மொதல்ல கேப்பாங்க. நாகப்பட்டினம் பக்கம் முற்றம் வச்ச ஒரு வீட்டுல இருக்கிற எங்க ரூமுக்கு நாங்க காத்துல இருக்கிற ஈரத்த தண்ணியா இழுத்து எடுக்கிற மெஷினான டீஹ்யூமிடிஃபையர்தான் போட்டோம், இன்னைக்கு கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

கரன்ட் செலவு தெரிஞ்ச விஷயம்தான், ஒரு டன் ஏசி கிட்டத்தட்ட ஒரு கிலோவாட் இழுக்கும், சின்ன டீஹ்யூமிடிஃபையர் அதுல மூணுல ஒரு பங்கு. ஈரத்த உறிஞ்சுற மணியான சிலிக்கா ஜெல் நல்லா மூடுற பெட்டிக்கு அருமை, ஆனா நிறம் மாறினதும் அடுப்புல காய வச்சு காய வச்சு திரும்ப போடணும், ரூம் முழுக்க அதால முடியாது. வெளிக்காத்து காஞ்சிருக்கும்போது மட்டும் ஃபேன் ஓடுற மாதிரி செட் பண்றது இன்னொரு வழி. பழைய கலைப்பொருள், கட்டடம் பாதுகாக்கிற அமெரிக்காவோட கெட்டி கன்சர்வேஷன் இன்ஸ்டிட்யூட்காரங்க ஸ்பெயினோட டெனெரிஃப் தீவுல ஃபேனும் ஹீட்டரும் வச்சே இத செஞ்சாங்க. நம்ம கடற்கரையில ஐப்பசி கார்த்திகையில வெளிக்காத்தே ராப்பகலா ஈரமா இருக்கு, அப்ப வெறும் ஃபேன் எதுக்கு ஆகும்?

என்னைக் கேட்டா ராத்திரி ரூம்ல என்ன நடக்குதுங்கிறத வச்சுத்தான் முடிவு பண்ணணும். சாயங்காலம் பூட்டிட்டுப் போறப்ப ஏசிய ஆஃப் பண்றதுதான் நிறைய இடத்துல வழக்கம், பகல்ல குளுந்து போன ஓலையும் தாளும் சுவரும் அப்படியே இருக்க வெளியில இருந்து ஈரக்காத்து கதவிடுக்கு வழியா உள்ள வந்து அதுங்க மேல படியும், சுண்ணாம்புக் காரை சுவரும் குடிச்சு வச்ச ஈரத்த விடும், தினமும் ஈரம் இப்படி ஏறி எறங்கினா ஓலை சுருங்கி விரிஞ்சு வெடிக்கும். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல நின்னா பூஞ்சையும் வரும். சரி, ராத்திரியும் ஏசி ஓடட்டுமேன்னா, ரூம் குளுந்ததும் கம்ப்ரஸர் நின்னுடும், ஃபேன் மட்டும் சுத்தி, ஏசிக்குள்ள குளுந்த குழாய்ச் சுருள் மேல படிஞ்ச தண்ணியையே திரும்ப ரூமுக்குள்ள ஊதும். ஏன்னா அதுக்கு வெப்பம்தான் கணக்கு, ஈரம் இல்ல. டீஹ்யூமிடிஃபையருக்கு ஈரம்தான் கணக்கு, 60 சதவீதத்துல வச்சா 60ஐ புடிச்சுக்கிட்டு நிக்கும், அது விடுற லேசான சூடே ஈரப்பதத்த இன்னும் கொஞ்சம் எறக்கும்.

ஆனா ரெண்டு விஷயம் பாக்காம வாங்காதீங்க. ஒண்ணு, மழைக்காலத்துல டேங்க் சீக்கிரம் நெறஞ்சு மெஷின் தானா நின்னுடும், அதனால ஹோஸ் மாட்டுற மாடலா எடுத்து முற்றத்து வடிகாலுக்கு விட்ருங்க. ரெண்டாவது, சில டிஜிட்டல் மாடல் கரன்ட் போய் வந்தா யாராவது பட்டன அமுக்குற வரைக்கும் ஓடாது. நடுராத்திரி கரன்ட் போற ஊருக்கு அது சுத்தமா ஆகாது, கரன்ட் வந்ததும் தானா ஓடுதான்னு கடையிலயே பிளக்க புடுங்கி சொருகிப் பாருங்க. கதவு ஜன்னல் இடுக்குக்கு ஃபோம் பட்டை ஒட்டணும், பீரோவ சுவத்துல ஒட்டாம தள்ளி வைக்கணும். ராமபாணப் பூச்சிக்கு இது மட்டும் போதாது, வழக்கம்போல ஓலைக்கு புல்தைலம் தடவத்தான் வேணும்.

சித்திரை வெயில்ல ரூம் நல்லாவே சூடாகுது, அத மறைக்க முடியாது. சுவடிக்கும் நல்ல தாளுக்கும் அது பெரிய கஷ்டமா எனக்கு தெரியல. ஃபோட்டோ நெகட்டிவ், சினிமா ஃபிலிம் வச்சிருக்கிறவங்க எங்க அனுபவத்த நம்பி எறங்க வேணாம், எங்ககிட்ட அது இல்ல, அதுங்களுக்கு குளிர்ச்சியே வேணும்ங்கிறதால அங்க 24 மணி நேரமும் ஓடுற ஏசி தனியா ஒரு சின்ன ரூமுக்கு போடுறதுதான் சரியா இருக்கும்.