அவசரத்துக்கு எது முதலில் கைக்கு வரும்: சீட்டா, நகையா, வங்கிக் கணக்கா?

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு 11-ஆம் தேதி, இரண்டாம் சனிக்கிழமை, இரவு 11 மணி அளவில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஆட்டோவில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கே முன்பணமாக 40,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். ஏட்டுக் கணக்குப்படி எங்கள் குடும்பத்துக்கு அன்று 3 லட்சத்துக்கு மேல் இருந்தது. அம்மா 7 மாதமாகக் கட்டிவந்த 1 லட்ச ரூபாய் ஏலச் சீட்டு, வங்கி லாக்கரில் 6 சவரன் நகை, அஞ்சலகத்தில் மாதம் 2,000 வீதம் 14 மாதம் கட்டிய தொடர் வைப்பு எல்லாம் இருந்தன. கையில் இருந்ததோ 6,200 ரூபாய். சீட்டு ஏலம் முந்தின நாள் 10-ஆம் தேதிதான் முடிந்திருந்தது. லாக்கரும் அஞ்சலகமும் திங்கட்கிழமைதான் திறக்கும். எதிர்வீட்டு அக்கா 15,000 கொடுத்தார். மீதியில் பெரும்பகுதிக்கு விடியற்காலை 4 மணிக்கு நேதாஜி மார்க்கெட்டுக்குப் போய், காய்கறி மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்த, நாள் தவணையில் கடன் தரும் தண்டல்காரரிடம் 20,000 ரூபாய்க் கணக்கில் 18,000 வாங்கினேன்.

அப்பா பிழைத்துக்கொண்டார். சேமித்தும் ஏன் தண்டல் வாங்க நேர்ந்தது என்ற கேள்வி மட்டும் எனக்குத் தீரவில்லை. எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் வழக்கமாக நம்பும் வழிகளை எதிரெதிரே வைத்துப் பார்த்ததில், நாம் எல்லாவற்றையும் வட்டியால் மட்டும் அளக்கிறோம் என்று தோன்றியது. அவசரப் பணத்துக்கு வட்டி மூன்றாவது கேள்விதான். எத்தனை மணி நேரத்தில் வரும் என்பது முதல் கேள்வி. யாருடைய சம்மதம் வேண்டும் என்பது இரண்டாவது.

ஏலச் சீட்டையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் குடியாத்தம் முதல் ஆரணி வரை அதைக் கட்டாத தெருவைக் காண்பது அரிது. 20 பேர், 20 மாதம், மாதம் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் மாதத்தில் ஒருவர் அவசரத்துக்காக 25,000 தள்ளி, அதாவது அவ்வளவையும் விட்டுக்கொடுத்து, சீட்டை எடுத்தால் கையில் 75,000 கிடைக்கும். தள்ளிய தொகையில் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மீதி 20,000 ஆளுக்கு 1,000 ரூபாய்க் கசராக, அதாவது மாதத் தவணையில் கழியும் பங்காகப் பிரியும். முதல் 3 மாதங்களில் அவர் கட்டியது 12,000, முழுச் சீட்டிலும் அவருக்கு வரும் கசர் 11,000 என்று கொண்டால், அவர் உண்மையில் பெற்ற கடன் 63,000. அதற்கு அடுத்த 17 மாதங்களில் திருப்பிக் கட்டுவது 77,000. கணக்குப் போட்டால் மாதம் நூற்றுக்குச் சுமார் 2 ரூபாய் 30 காசு வட்டி விழுகிறது, அதாவது சேட்டுக் கடையின் இரண்டு வட்டியைவிடக் கூடுதல். அதே சீட்டைக் கடைசி மாதம் எடுப்பவர் 89,000 கட்டி 95,000 பெறுகிறார். அவருக்கு ஆண்டுக்கு 8 அல்லது 9 சதவீதம் கிடைக்கிறது. ஆக, சீட்டு என்பது ஒரே பொருள் அன்று. காத்திருக்க முடிந்தவருக்கு அது சேமிப்பு. முடியாதவருக்கு விலை கூடிய கடன். அதிலும், ஏல நாளன்று நம்மைவிட அவசரக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்தக் கடனும் நமக்குக் கிடைக்காது.

பாதுகாப்பு தனிக் கேள்வி. 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டில் நடத்துபவர் பிணையம் கட்டியாக வேண்டும். அவருடைய கமிஷன், 2019-இல் வந்த திருத்தத்தின்படி 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தெருச் சீட்டில் பிணையம் என்பது அவர் பல ஆண்டுகளாக அதே வீட்டில் குடியிருக்கிறார் என்பது மட்டுமே. பதிவான சீட்டில் பணம் எடுக்க ஜாமீன்தாரரும் சம்பளச் சான்றும் கேட்பார்கள். தெருச் சீட்டில் மறுநாளே பணம் வந்துவிடும். பதிவில்லாததை மக்கள் நாடுவதற்குக் காரணம் அறியாமை மட்டும் அன்று, இந்த வேகமும்தான்.

தீபாவளிப் பண்டு, பொங்கல் பண்டு ஆகியவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே மாட்டேன். அவை மளிகையும் இனிப்பும் பாத்திரமும் வாங்கித் தரும் ஏற்பாடுகள்; நடு ஆண்டில் கேட்டால் பணம் வராது. மாதம் நூற்றுக்கு ஐந்து, பத்து என்று வட்டி தருவதாகச் சொல்லும் நிறுவனங்களைப் பற்றியும் அதிகம் பேச வேண்டியதில்லை. 2022-இல் காட்பாடியில் பொருளாதாரக் குற்றப்பிரிவு சோதனை நடத்தியதற்குப் பிறகும் அப்படிப்பட்ட ஒன்றில் பணம் போடுபவரை எந்த ஒப்பீடும் காப்பாற்றாது.

நகையின் பலம் வேகம். பகலில் கடை திறந்திருந்தால் அரை மணி நேரத்தில் பணம் வரும், ஜாமீன் வேண்டாம், சம்பளச் சீட்டு வேண்டாம். ஆனால் எங்கே வைக்கிறோம் என்பதில்தான் குடும்பங்கள் ஏமாறுகின்றன. இரண்டு வட்டிக்கு அடகுக் கடையில் 50,000 வாங்கினால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் வட்டி. அதே நகையை 9 சதவீதத்துக்கு வங்கியில் வைத்தால் 4,500. பலரும் கடையை நாடுவது அவசரத்தில் அது பக்கத்தில் இருப்பதால், அதில் தவறில்லை. அவசரம் தீர்ந்த அடுத்த வாரமே மீட்டு வங்கிக்கு மாற்றாமல், ஆண்டுக்கு ஒருமுறை வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போவதுதான் தவறு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் ஒரே வளையல் ஜோடிக்கு அதன் விலைக்கு மேல் வட்டி கட்டியிருக்கிறார்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி ரிசர்வ் வங்கி அறிவித்த விதிகள் வங்கிகளையும் பதிவுபெற்ற நிதி நிறுவனங்களையும் சற்றே கட்டுக்குள் கொண்டுவருகின்றன. குடும்பச் செலவுக்கான நகைக் கடனில், இரண்டரை லட்சம் வரை தங்கத்தின் மதிப்பில் 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம் வரை தரலாம். கடனை முழுக்கக் கட்டி முடித்த 7 வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தராமல் நிறுவனமே தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. கல்லுக்கும் செய்கூலிக்கும் மதிப்பு இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, 8 கிராம் சவரன் கணக்கில் நிகர எடையை மட்டும் வீட்டு நோட்டில் எழுதி வைப்பது நல்லது.

அஞ்சலகத் தொடர் வைப்பு ஒழுங்கைப் பழக்கும். 2023 அக்டோபரில் 6.7 சதவீதமாக உயர்த்தப்பட்ட வட்டியில், மாதம் 5,000 வீதம் 60 மாதம் கட்டும் 3 லட்சம் ரூபாய் ஏறக்குறைய 3,56,800 ஆகிறது. ஆனால் 3 ஆண்டுக்கு முன் கணக்கை முடிக்க முடியாது. 12 தவணைக்குப் பின் இருப்பில் பாதியைக் கடனாகப் பெறலாம், அதுவும் அலுவலக நேரத்தில் மட்டும். எங்களுக்கு அந்தச் சனிக்கிழமை இரவில் அது பயன்படவில்லை.

வட்டியில் இவை எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கும் வங்கிக் கணக்கு, நேரத்தில் முன்னால் வந்துவிடுகிறது. வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் வசதி 2019 டிசம்பர் முதல் இரவும் பகலும் இயங்குகிறது. வைப்புத் தொகையை நள்ளிரவிலும் கைபேசியிலேயே முறித்துக்கொள்ளப் பல வங்கிகள் வழி செய்துள்ளன. ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு. இப்போது எங்கள் வீட்டுச் செலவு மாதம் 22,000. மூன்று மாதத்துக்கான 66,000-இல் 26,000 சேமிப்புக் கணக்கிலும், மீதி 40,000 பத்தாயிரம் வீதம் நான்கு தனித்தனி வைப்புகளாகவும் இருக்கிறது. அப்படிப் பிரித்து வைத்தால் 8,000 தேவைப்படும் நாளில் ஒன்றை மட்டும் முறிக்கலாம். மற்ற மூன்றின் வட்டி கெடாது.

கடன் இருக்கும்போது சேமிப்பது மடமை என்பார்கள். பாதிதான் உண்மை. நான் வாங்கிய தண்டலைப் பாருங்கள்: 18,000 வாங்கி நாள்தோறும் 200 வீதம் 100 நாள் கட்டினேன். ஆண்டுக் கணக்கில் அது 77 சதவீதத்தை ஒட்டிய வட்டி. ஆனால் வட்டியை முன்கூட்டியே பிடித்துவிட்டதால், 40-ஆம் நாளே முழுவதையும் அடைத்தாலும் ஒரு ரூபாய் குறையாது. எனவே தண்டலை அவசரமாக அடைப்பதில் லாபமில்லை. பாதி கட்டியதும் “புதுசா போட்டுக்குங்க” என்று அவர் நீட்டும் அடுத்த கட்டை மறுப்பதில்தான் லாபம். நாள் வட்டி ஓடுகிற அடகுக் கடனும் கிரெடிட் கார்டு பாக்கியும் வேறு வகை. கையில் சேரும் ஒவ்வோர் ஆயிரமும் அங்கே வட்டியைக் குறைக்கும். ஆகவே முதலில் ஒரு மாதச் செலவை வங்கியில் ஒதுக்கிவிட்டு, பிறகு அடகுக் கடனை முடித்து, அதன் பிறகே மூன்று மாதத்துக்கு நிரப்புவது என்ற வரிசையை நான் தேர்ந்தேன். ஒரு மாதத் தொகைகூட இல்லாமல் எல்லாவற்றையும் கடனுக்கே கொட்டியிருந்தால் அடுத்த காய்ச்சலுக்கே மறுபடி மார்க்கெட்டுக்குப் போயிருப்பேன்.

பணம் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்பது கடைசிக் கேள்வி. லாக்கர் சாவி அம்மாவிடம், அஞ்சலகப் புத்தகம் அப்பாவிடம், சீட்டு நோட்டு அடுப்படி அலமாரியில். அப்பா படுத்திருந்த இரவில் இது எவ்வளவு சிக்கல் என்று புரிந்தது. இப்போது அவசரக் கணக்கு அம்மா பெயரிலும் என் பெயரிலும், இருவரில் எவரும் எடுக்கும்படி இருக்கிறது. நியமனதாரர் பெயரும் எழுதியாகிவிட்டது.

அம்மா சீட்டை விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. ஆனால் ஏல நாளன்று முன்போல் முதல் வரிசையில் உட்கார்ந்து தள்ளிக் கேட்பதில்லை. தம்பி மகளின் பள்ளிக் கட்டணம் ஜூனில் வருவதால், அடுத்த ஜூன் 17-ஆவது மாதமாக வரும்படி ஒரு சீட்டில் சேர்ந்திருக்கிறார்.