24 பேருக்கு 6 கருவிகள்: ஒரு பூங்கா உடற்பயிற்சி வகுப்பின் மதிப்புரை

மதுரையில் எங்கள் பகுதியின் மாநகராட்சிப் பூங்காவில் திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் காலை 6 மணி முதல் 7 மணி வரை நடைபெறும் கூட்டு உடற்பயிற்சி வகுப்பில் மொத்தம் ஆறு கருவிகளே உள்ளன: கைப்பிடி வைத்த எடைக்குண்டான கெட்டில்பெல் இரண்டு, ஸ்கிப்பிங் கயிறு இரண்டு, இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டையான ரெசிஸ்டன்ஸ் பேண்ட் இரண்டு. வருபவர்கள் 24 பேர். ஆனாலும், பெரிய ஜிம்களில் ஒரு கருவி காலியாவதற்காகத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் நிலை இங்கே யாருக்கும் வருவதில்லை. மாதம் 800 ரூபாய்க் கட்டணத்துக்கு இவ்வகுப்பு தருவது அதிகம் என்றே சொல்வேன். அதற்குக் காரணம் பயிற்சியாளர் முந்தைய நாளே எழுதி எடுத்துவரும் திட்டம்.

திட்டத்தின் அடிப்படை சர்க்யூட் முறை. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கன், ஆடம்சன் இருவரும் 1953இல் உருவாக்கிய இம்முறையில், பலர் ஒரே நேரத்தில் வெவ்வேறு பயிற்சிகளைச் செய்தபடி அடுத்தடுத்த இடங்களுக்கு நகர்வார்கள். அதனால் எந்த ஒரு கருவியும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படுவதில்லை. இங்கே ஆறு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் நால்வர், இருவர் இருவராக நிற்கிறார்கள். கெட்டில்பெல் வீச்சு, பூங்கா பெஞ்சில் கையூன்றி எடுக்கும் தண்டால், ஸ்கிப்பிங், முழங்கையூன்றி உடலை நேராக நிறுத்தும் பிளாங்க், பேண்ட் இழுத்தல், பஸ்கி என்று, கருவி உள்ள இடமும் இல்லாத இடமும் மாறி மாறி வருகின்றன. 40 வினாடி பயிற்சி, 20 வினாடி இடைவெளி. ஒருவர் கயிற்றில் தாண்டும்போது அவருடைய இணை பக்கத்தில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குகிறார். அடுத்த நிமிடம் கயிறு கைமாறுகிறது. ஓர் இடத்துக்கு இரண்டு நிமிடம் என்பதால் ஒரு சுற்று 12 நிமிடத்தில் முடிகிறது. இரண்டு சுற்று போகிறார்கள். இந்தக் கணக்கில் ஏழாவது கருவி ஒன்றை வாங்கினாலும் அதை வைப்பதற்கு இடமில்லை. பொருள் குறைவை இவ்வளவு தெளிவாக எண்ணிப் பார்த்துத் திட்டமிடும் பயிற்சியாளர்கள் அரிது.

சுற்றுகளுக்குப் பிறகு வருவது சீட்டுக்கட்டு. ஆர்ட்டின் என்றால் பஸ்கி, ஸ்பேட் என்றால் தண்டால், டைமண்ட் என்றால் நின்ற இடத்தில் முழங்கால் உயர்த்தல், கிளாவர் என்றால் தோப்புக்கரணம். சீட்டில் உள்ள எண்தான் எண்ணிக்கை. ஒவ்வொருவராக வந்து சீட்டை உருவ, எல்லோரும் அதைச் செய்ய வேண்டும். படச்சீட்டுகளுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டு முழுக் கட்டையும் ஆடினால் ஒருவர் 340 முறை செய்ய வேண்டியிருக்கும் என்பதால், அவற்றை எடுத்துவிட்டு ஒவ்வொரு வகைக்கும் 55 என்ற அளவில் 220ஆகக் குறைத்திருக்கிறார். அதிலும் நேரத்தைப் பார்த்துப் பாதிக் கட்டிலேயே நிறுத்துவதுண்டு. பத்து வந்தால் எழும் கூக்குரலும் ஒன்று வந்தால் எழும் கைதட்டலும் சேர்ந்து, சோர்ந்திருப்பவர்களையும் அடுத்த சீட்டுவரை கொண்டுபோய்விடுகின்றன.

ஒவ்வொருவரும் எவ்வளவு திணறுகிறார்கள் என்பதைப் பயிற்சியாளர் அறியும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. நடுவில் ஒருவரிடம் சென்று, "அம்மா, நேத்து ராத்திரி என்ன குழம்பு?" என்று கேட்கிறார். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் உழைப்பு மிதமான அளவில் இருக்கிறது, "பு... புளிக்குழம்பு" என்று ஒரு சொல்லோடு மூச்சு நின்றால் கடுமையாகிவிட்டது, வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார். பேச்சை வைத்து உழைப்பை அளக்கும் இம்முறை உடற்பயிற்சித் துறையில் ஏற்கப்பட்ட ஒன்றே. கைக்கடிகாரக் கருவி எதுவும் தேவையில்லை.

வெள்ளிக்கிழமைகளில் கடைசிப் பத்து நிமிடம், கோடுகளைக் காப்பவர்களிடம் பிடிபடாமல் தாண்டி ஓடும் கிளித்தட்டு. கோலமாவால் கோடு போட்டு, உத்தி பிரித்து, வேலைக்குப் போகிறவர்களும் ஓய்வுபெற்றவர்களும் ஒரே அணியில் ஆடுகிறார்கள். பக்கவாட்டு ஓட்டம், திடீர் நிறுத்தம், திசைமாற்றம் ஆகிய மூன்றையும் இவ்விளையாட்டைவிட மலிவாகக் கற்றுத்தர முடியாது. வேகமாகத் திரும்ப இயலாதவர்களைக் கோட்டைக் காக்கும் பக்கத்தில் நிறுத்துவது நல்ல முடிவு.

குறைகளும் உண்டு. முதலாவது, பஸ்கி முடிந்த உடனே கெட்டில்பெல் வீச்சு வருவது. தொடை களைத்த நிலையில் பலர் இடுப்பை மடக்குவதற்குப் பதிலாக முதுகை வளைத்து எடையைத் தூக்குகிறார்கள். பஸ்கிதான் சீட்டாட்டத்தில் மீண்டும் வருகிறதே. சுற்றிலிருந்து அதை எடுத்துவிட்டு, மல்லாந்து படுத்துக் கையையும் எதிர்க்காலையும் மாற்றி நீட்டும் வயிற்றுப் பயிற்சி ஒன்றை வைக்கலாம். இரண்டாவது, கெட்டில்பெல் இரண்டுமே 8 கிலோ. இளைஞர்களுக்கு அது லேசு, புதிதாக வருபவர்களுக்குக் கனம். 4 கிலோ ஒன்றும் 12 கிலோ ஒன்றும் இருந்திருந்தால் அதே எண்ணிக்கையில் எல்லோருக்கும் பயன்பட்டிருக்கும். மூன்றாவது, ரப்பர் பேண்டை வேப்பமரத்தில் நேரடியாகச் சுற்றுகிறார்கள். மரப்பட்டை உரசி நுண்ணிய கீறல் விழுந்த பேண்ட் இழுபடும்போது அறுந்து முகத்தில் அடிக்கக்கூடும். ஒரு பழைய துண்டை இடையில் வைப்பதும், வகுப்புக்கு முன் பேண்டை விரல்களால் தடவிப் பார்ப்பதும் ஒரு நிமிட வேலை.

புதன்கிழமைகளில் 20 வினாடி முழங்கால் உயர்த்தும் பயிற்சி, 10 வினாடி ஓய்வு என்று எட்டு முறை செய்வதை 'டபாட்டா' என்று அறிவிப்பதும் சரியல்ல. ஜப்பானிய ஆய்வாளர் இசுமி டபாட்டாவின் குழு 1996இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற இளைஞர்கள் நிலைச் சைக்கிளில் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவுக்கான உழைப்பையும் தாண்டிய கடுமையில் மிதித்தார்கள். கால அளவு ஒன்றாக இருந்தாலும், முழங்கால் உயர்த்துவதில் அந்த ஆய்வில் கிடைத்த பலனை எதிர்பார்க்க முடியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பையும், இரண்டு நாளாவது தசை வலுவூட்டும் பயிற்சியையும் சொல்கிறது. இவ்வகுப்பு இரண்டாவதை நிறைவேற்றிவிடுகிறது. தயார்ப் பயிற்சியையும் இளைப்பாறலையும் கழித்தால் முதலாவதற்குச் சற்றுக் குறைவதால், மற்ற நாட்களில் அரைமணி நேரம் வேகமாக நடப்பது நல்லது. புதிதாகச் சேர்பவர்கள் திங்கட்கிழமை வரவேண்டும். அன்றுதான் ஆறு இடங்களையும் நிதானமாகச் செய்து காட்டுகிறார். பாயும் தண்ணீர்ப் பாட்டிலும் நாமே கொண்டுபோக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இன்னும் மாற்று இடம் ஏற்பாடாகவில்லை. கட்டணம் செலுத்துவதற்கு முன் அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.