ஈ.சி.ஆர். நர்சரில வாங்குன யானைக்காது செடிங்க, ஒரு வருஷம் வளத்துட்டு எழுதுறேன்

போன வருஷம் பொங்கல் லீவு முடிஞ்ச ஞாயித்துக்கெழம சென்னை ஈ.சி.ஆர்ல (கிழக்கு கடற்கரை சாலை) இருக்குற ஒரு நர்சரிக்கு யானைக்காது வாங்கணும்னே போனேன். எங்க வீடு அடையாறுல, ரெண்டாவது மாடி, கிழக்கு பாத்த பால்கனி, காலைல 10 மணி வரைக்கும் வெயில் அடிக்கும் அப்புறம் நல்ல வெளிச்சம் மட்டும் தான். வாங்கின அன்னிக்கே ரிவ்யூ போட வேணாம்னு இருந்தேன், ஏன்னா செடி நர்சரில பச்ச வலைக்கு கீழ நிக்குற அழகு வேற, நம்ம வீட்ல ஒரு கத்திரி வெயிலும் ஒரு ஐப்பசி மழையும் பாத்த அப்புறம் நிக்குற நெலம வேற. இப்போ மார்ச், ரெண்டும் பாத்தாச்சு.

மொதல்ல நல்லது. செடிங்க ஆரோக்கியமா இருந்துச்சு, இலைய திருப்பி பாத்தா பேன் இல்ல, மாவுப்பூச்சி இல்ல. கலெக்ஷனும் பெருசு, ஒரு முழு வரிசையே யானைக்காது தான். கருப்பு இலை, வெள்ள நரம்பு ஓடுற இலை, பளபளன்னு ஆள் உயரத்துக்கு நிக்குறது, ரோஸ் புள்ளி வச்ச கலேடியம்னு பாத்துக்கிட்டே ஒரு மணி நேரம் போயிடுச்சு.

குறை என்னன்னா அந்த வரிசைல எல்லா பைக்கும் ஒரே பேர் தான், எலிஃபன்ட் இயர். பை சைஸ் பாத்து வெல, அவ்ளோ தான். இது சின்ன விஷயம் இல்லங்க. யானைக்காதுனு நாம சொல்றது கொலகேசியா, அலோகேசியா, சாந்தோசோமா, கலேடியம்னு நாலு தனித்தனி இனம். ஒண்ணு சேத்துல நின்னாலும் சந்தோஷமா இருக்கும், இன்னொன்னு அதே தண்ணிக்கு ஒரு வாரத்துல அழுகிடும். பேர் தெரியாம வாங்கினா தண்ணி எப்படி ஊத்தறதுன்னே தெரியாது. பில் போடுற எடத்துல இருந்த தம்பி கிட்ட கேட்டேன், எல்லாம் ஒண்ணு தான் மேடம், டெய்லி தண்ணி ஊத்துங்கன்னு சொல்லிட்டாரு. அப்படி சொன்னத நம்பி தான் நெறைய பேர் வீட்ல இந்த செடி சாகுது.

எனக்கு சொல்லிக் குடுத்தது அங்க பின்பக்கம் பை மாத்திக்கிட்டு இருந்த ஒரு அக்கா. கைல செம்மண்ணோட எந்திரிச்சு வந்து, இங்க பாரும்மான்னு ஒரு இலைய அப்படியே முதுகுப் பக்கம் திருப்பி, காம்பு சேர்ற எடத்துல கட்டைவிரல் நகத்த வச்சாங்க. காம்பு இலையோட ஓரத்துல சேரல, இலைக்கு மேல ரெண்டு காது மாதிரி பிரியுதே, அந்த வெட்டுலேர்ந்து ஒரு ரெண்டு வெரக்கடை கீழ தள்ளி முதுகுல சேந்துச்சு, கொடைக்கு கம்பி சேர்ற மாதிரி. இது நம்ம சேம்பு ஜாதிம்மா, கொலகேசியா, தண்ணி குடிக்கும். அடுத்த பைல அதே மாதிரி பச்ச இலைய திருப்புனாங்க, அதுல காம்பு சரியா அந்த வெட்டு முடியுற முனையில தான் சேருது, இலை ஓரத்த ஒட்டியே ஒரு நரம்பு சுத்தி ஓடுது. அது சாந்தோசோமா. முன்பக்கம் பாத்தா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி தான் இருக்கும், திருப்பினா தான் தெரியும்.

அலோகேசியா கொஞ்சம் கொழப்பும். சின்ன செடியா இருக்கும்போது காம்பு முதுகுல தான் இருக்கும், பெருசாக பெருசாக பல வகைல அந்த வெட்டு காம்பு வரைக்கும் எறங்கிடும். அதுக்கு வேற அடையாளம் பாக்கணும். கொலகேசியா இலை நுனி தரைய பாத்து தொங்கும், தொட்டா லேசா வெல்வெட் மாதிரி, தண்ணி தெளிச்சா தாமர இலை கணக்கா உருண்டு ஓடிடும். பெரிய அலோகேசியா, மேக்ரோரைசோஸ்னு சொல்றாங்களே அது, இலை வானத்த பாத்து நிக்கும், பளபளப்பு இருக்கும், அடில தண்டு தடிமனா தரைக்கு மேல எழும்பும். ஆனா பாலி (Polly) மாதிரி சின்ன அலோகேசியாவுக்கு இந்த வானம் பாக்குற கணக்கு ஒத்து வராது, அது தொங்கும், அத வெள்ள நரம்ப வச்சும் அம்பு மாதிரி வடிவத்த வச்சும் தான் கண்டுபிடிக்கணும். அந்த பாலி அமேசானிகாவோட குட்டை வகை, அதையும் அமேசானிகான்னே சொல்லுவாங்க, அமேசான் காட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அமேசானிகா 1950கள்ல ஃப்ளோரிடால ஒரு நர்சரில உருவான ஹைப்ரிட். அலோகேசியா, கொலகேசியா ரெண்டுக்கும் சொந்த ஊர் நம்ம ஆசியா பக்கம், சாந்தோசோமாவும் கலேடியமும் தான் தென் அமெரிக்கா பக்கத்துலேர்ந்து வந்தது.

நான் வாங்குனது பிளாக் மேஜிக் கொலகேசியா ஒண்ணு, ரெண்டு பாலி, ஜூன்ல மறுபடி போய் கலேடியம் மூணு.

பிளாக் மேஜிக் பத்தி கொற சொல்லவே முடியாது. ஓட்டை இல்லாத பிளாஸ்டிக் டப்புல மண்ணுக்கு மேல ரெண்டு இன்ச் தண்ணி நிக்குற மாதிரி வச்சிருக்கேன், கொசு வரும்னு நாலு கப்பி மீன் விட்டேன், கார்ப்பரேஷன்லேர்ந்து டெங்கு செக் பண்ண வந்தவங்களும் பாத்துட்டு சரின்னு போயிட்டாங்க. வெயில் பத்தலன்னா அந்த கருப்பு போய் பச்சையா வெளுக்குது, ஆனா கத்திரில மதிய வெயில் பட்டா ஓரம் கருகுது, காலை வெயில் தான் அதுக்கு அளவு. பக்கத்துலயே மூணு குட்டி போட்டிருக்கு.

பாலி தான் எனக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. நர்சரி பைல இருந்தது கல்லு மாதிரி இறுகுன செம்மண், அத மாத்தாம அப்படியே தொட்டில எறக்கிட்டேன். நவம்பர்ல அஞ்சு நாள் விடாம மழை, சாரல் உள்ள வந்து ஒரு செடி அடித்தண்டு கொழகொழன்னு ஆகி சாஞ்சிடுச்சு. தூக்கி போட மனசு வரல, மண்ண ஒடச்சு பாத்தேன். வேருக்கு நடுவுல கொண்டக்கடல சைஸ்ல பிரவுன் கலர்ல கெட்டியா அஞ்சு குட்டிக் கெழங்கு. ஈரமான தேங்கா நார்த்தூள்ல பாதி பொதைச்சு பார்சல் டப்பால மூடி போட்டு கிச்சன் ஜன்னல்ல வச்சேன், அஞ்சு வாரத்துல மூணு மொளச்சிடுச்சு. அதனால பாலி செத்துடுச்சுன்னு தொட்டிய கொட்டுறதுக்கு முன்னாடி தயவு செஞ்சு மண்ண தேடுங்க. இன்னொரு பாலிய நார்த்தூள், பெர்லைட் (மண்ண இறுகாம வைக்குற வெள்ள துகள்), மண்புழு உரம், கொஞ்சம் கரித்துண்டு கலந்து மாத்துனேன், மேல் மண்ணு காஞ்சா தான் தண்ணி, நல்லா இருக்கு. இந்த மண்ணு விஷயத்த நர்சரிலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தண்ணி பத்தி ஒண்ணு. நம்ம ஊர்ல பாதி பேர் ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணிய செடிக்கு ஊத்துறோம். அதுல உப்பு அதிகம், போர் தண்ணிலயும் அப்படி தான். என் பாலிக்கு இலை நுனி பிரவுனா ஆனது அதனால தான், மழைத்தண்ணி பிடிச்சு வச்சு ஊத்துன அப்புறம் வந்த இலை சுத்தமா இருக்கு. காலைல இலை நுனில சொட்டு நிக்குதேன்னு மட்டும் பயப்படாதீங்க, அது செடி தானா வெளியேத்துற தண்ணி.

கலேடியம் டிசம்பர்ல ஒவ்வொரு இலையா மஞ்சளாகி மொத்தமா மறைஞ்சிடும். அது சாவு இல்ல, தூக்கம். தண்ணிய நிறுத்திட்டு தொட்டிய நெழல்ல வச்சேன், போன வாரம் ஒரு தொட்டில ஊசி மாதிரி மூக்கு எட்டி பாக்குது.

கொழந்தைங்க, நாய் இருக்குற வீட்ல கவனம். இந்த நாலு இனத்துலயும் ஊசி மாதிரி கால்சியம் ஆக்சலேட் துகள் இருக்கு, கடிச்சா வாய் எரியும், வீங்கும். தண்ட வெட்டும்போது பால் பட்டு எனக்கு மணிக்கட்டு ராத்திரி வரைக்கும் அரிச்சுது, கிளவுஸ் போட்டுக்கோங்க. சௌகார்பேட்டைல விக்குற பத்ராங்குற பலகாரத்த சேம்பு இலைல தான் செய்றாங்க, அத பாத்துட்டு பால்கனி அலோகேசியா இலைய சட்டில போட்டுடாதீங்க. சேம்பையே நாம புளி விட்டு நல்லா வேக வச்சு தான திங்கறோம்.

5க்கு 4 குடுப்பேன். அந்த ஒரு மார்க்க ஒரு மார்க்கர் பேனாவால பேர் எழுதி வச்சாலே அவங்க எடுத்துடலாம். ஞாயித்துக்கெழம கார் நிறுத்த எடம் கிடைக்காது, காலைல 9 மணிக்குள்ள போயிடுங்க, உள்ள போனதும் பில் கவுன்டர்ல நிக்காம நேரா பின்பக்கம் போய் பை மாத்துற அக்காவ கேளுங்க, செவ்வாய்க்கெழம மட்டும் அவங்க வரமாட்டாங்க.